நிலாவைச் சுற்றிப் பதினான்கு வளையங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை எங்கள் பொறுப்பாளர் இரண்டு முறை படித்தார். முதல் முறை தனக்காக, மனசுக்குள். இரண்டாவது முறை எங்கள் இருவருக்காக, வாய்விட்டு. கடந்த ஒன்பது மாதங்களில் பதினான்கு மாலைகளில் இந்த வானிலை நிலையத்தின் இரண்டு பதிவாளர்களும் ஒரே வானத்தைப் பற்றி இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் நிலாவைச் சுற்றி வண்ண வளையம் இருந்தது என்கிறார், மற்றவர் இல்லை என்கிறார். இருவரில் ஒருவர் பார்க்காமலே எழுதியிருக்க வேண்டும். வரும் திங்கட்கிழமை அதிகாரி ஒருவர் நேரில் வந்து விசாரிப்பார். தவறு யாருடையதோ அவர் மேல் நடவடிக்கை உண்டு.

வளையம் இருந்தது என்று எழுதியவள் நான்.

"இதுல விசாரிக்க என்ன சார் இருக்கு?" என்றேன். "மாடிக்கு ஏறாம நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதினா இல்லைன்னுதான் எழுத முடியும்."

எதிரே உட்கார்ந்திருந்த கண்ணாடியின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடி என்பது நான் வைத்த பெயர். புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அதைக் கழற்றினால் எதிரே இருப்பது ஆளா தூணா என்று தெரியாதவனை வானம் பார்க்கிற வேலைக்கு எப்படித்தான் எடுத்தார்கள் என்று அவன் சேர்ந்த முதல் நாளே நான் கேட்டேன், அவன் காதில் விழும்படியாகவே. மூன்று வருஷமாகத் தற்காலிகப் பதிவாளர். அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். இந்தக் கடிதத்துக்குப் பிறகு அது நடக்காது, இருக்கிற வேலையும் போய்விடும் என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

"நான் மேலே போய்ப் பார்த்துட்டுத்தாங்க்கா எழுதினேன்," என்றான் மெதுவாக.

"அப்ப நான் கனவு கண்டேனா?"

பொறுப்பாளர் கடிதத்தை மடித்தார். "எதுவா இருந்தாலும் எழுதிக் கொடுங்கம்மா," என்றார். அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன், இரண்டு பக்கம்.

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது ஏதோ இரண்டு பேர் நிலாவுக்காக அடித்துக்கொண்ட கதை போலத் தெரியும். நாலு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் மொட்டைமாடி. அங்கே வெப்பமானிப் பெட்டி, மழைமானி, காற்றுக்காட்டி. அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மேகம் எந்த வகை, எவ்வளவு உயரம், சூரியனையோ நிலாவையோ சுற்றி ஏதாவது தெரிகிறதா என்பதை மட்டும் ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நிலாவைச் சுற்றித் தெரிவதில் எத்தனையோ வகை உண்டு. உயரத்தில் பனித்துகள் பரவியிருந்தால் பெரிய வெளிறிய வளையம் வரும், கையை நீட்டினால் ஒரு சாண் தள்ளி நிற்கும். மேகத்தில் நீர்த்துளி இருந்தால் நிலாவை ஒட்டிச் சின்னதாக வண்ண வளையம், உள்ளே நீலம், வெளியே சிவப்பு. அபூர்வமாக நிலாவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொய் நிலாக்கள் முளைக்கும். இருபத்தாறு வருஷத்தில் அதை நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன். மேலே என்ன மேகம் இருக்கிறது என்பதற்கு இவையெல்லாம் சாட்சி. அதனால் ஒன்றும் இல்லாத வானத்தில் வளையம் என்று எழுதினால், இல்லாத மேகத்தை இருக்கிறது என்று சொன்னதாக ஆகும்.

மாலை எட்டு மணிக்குப் பணி மாறும். எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம். வீட்டுக்குப் போகிறவர் எட்டுக்கு முன்பு மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு தாளில் எழுதுவார். வேலைக்கு வருகிறவர் எட்டுக்குப் பிறகு தனியாகப் போய்ப் பார்த்து வேறு தாளில் எழுதுவார். ஒருவர் தாளை ஒருவர் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு இரண்டையும் பெரிய பதிவேட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் ஏற்ற வேண்டும். பகல் என்னுடையது, இரவு கண்ணாடியுடையது. என் கட்டத்தில் 'வண்ண வளையம், தெளிவு' என்று இருக்கும். பக்கத்தில் அவன் கோழிக் கிறுக்கலில் 'வளையம் இல்லை' என்று இருக்கும். கால் மணி நேரத்தில் ஒரு வளையம் கலைந்துபோகலாம், ஒத்துக்கொள்கிறேன். பதினான்கு தடவையும் நான் இறங்குகிற வரை காத்திருந்து, அவன் ஏறுவதற்குள் ஓடிவிடுமா என்ன?

ஒவ்வொரு தடவையும் சண்டை பிடித்தேன். "கண்ணைத் தொறந்து பாரு தம்பி, கண்ணாடியைத் தொடைச்சிட்டுப் பாரு," என்பேன். "சரிங்கக்கா," என்பான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். பேசாதவன் என்றால் குற்றவாளி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

என் கண் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. ஐம்பத்திரண்டு வயதில் தெருமுனையில் வருகிற பேருந்தின் எண்ணை நான் படிப்பேன். வீட்டில் என் வீட்டுக்காரரும் மகளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். அதோடு நான் வேலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்கிறவள். குழல்விளக்கு வெளிச்சத்திலிருந்து நேரே மேலே போனால் வானத்தில் ஒன்றும் பிடிபடாது. இருட்டில் பத்து நிமிஷம் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது விதி. நான் இருபது நிமிஷம் நிற்பேன். கண்ணாடி எவ்வளவு நின்றிருப்பான் என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்காமலே, இரண்டு நிமிஷம்கூட நின்றிருக்க மாட்டான் என்று புகாரில் எழுதினேன்.

இன்னொன்றும் எழுதினேன். சாட்சி. தினமும் எட்டு மணிக்கு என்னை அழைத்துப்போக என் வீட்டுக்காரர் வண்டியோடு வாசலில் நிற்பார். அச்சகத்தில் வேலை, ஏழு மணிக்கே முடிந்துவிடும். வளையம் தெரிந்த நாளில் நான் இறங்கி வந்ததும் முதல் வேலையாக அவரிடம் கேட்பேன்.

"என்னங்க, பார்த்தீங்களா?"

"எதை?"

"மேலே பாருங்க. வளையத்தை."

நிமிர்ந்து பார்ப்பார். "அட, ஆமா. சூப்பரா இருக்கு. ஏறு, போலாம்."

'எனது கணவரும் மேற்படி வளையத்தைப் பல முறை கண்டிருக்கிறார், தேவைப்பட்டால் அதிகாரி முன் வந்து சொல்லத் தயாராக இருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பாளரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "அந்தப் பையன் பாவம்மா," என்றார். "பொய் எழுதறவனுக்கு என்ன சார் பாவம்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அன்று இடது புருவத்துக்கு மேலே விண்விண் என்று வலித்தது. மாலை வேளையில் சில நாட்களாக அப்படி வலிப்பதுண்டு. கண்ணாடியோடு மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் தலை வலிக்காது என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஏழரைக்கு மேலே போனேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இருபது நிமிஷம் நின்றேன். நிலா முக்கால்வாசி வளர்ந்திருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, பழையபடி, அதைச் சுற்றி நீலம் எழும்பியது, அதற்கு வெளியே மஞ்சள், அதற்கும் வெளியே சிவப்பு. அத்தனை தெளிவான வளையத்தை நான் அந்த வருஷத்தில் பார்க்கவில்லை. கண்ணுக்குப் பிடிபடாத மெல்லிய மேகம் மேலே இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். மாட்டினாயா கண்ணாடி என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் துள்ளிக் குதிக்கலாம் போலச் சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்து கேள்வி கேட்டால் வீட்டுக்காரர் உளறிவிடக் கூடாது என்று ஒரு யோசனை வந்தது. எத்தனை அகலம், என்ன நிறம், உள்ளே எது, வெளியே எது என்று கேட்பார்கள். அவரோ பத்து வருஷத்துப் புடவையைக் காட்டி இது புதுசா என்று கேட்கிற மனுஷர். கீழே எட்டிப் பார்த்தேன். அன்றைக்குச் சீக்கிரமே வந்து வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். கைதட்டிக் கூப்பிட்டேன். வெளியாட்களை மேலே ஏற்றக் கூடாது. இத்தனை வருஷத்தில் நான் மீறிய முதல் விதி அதுதான் என்பது அப்போது என் எண்ணம்.

நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். "என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இதோ பாருங்க, திங்கட்கிழமை கேப்பாங்க. கையை நீட்டுங்க. முஷ்டியை மடக்குங்க. நிலாவிலேருந்து வளையத்தோட வெளி ஓரம் வரைக்கும் எத்தனை முஷ்டின்னு பார்த்துச் சொல்லுங்க."

கையை நீட்டினார். ஒரு கண்ணை மூடினார். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடினார். "ரெண்டு," என்றார்.

"ரெண்டா? அரை முஷ்டிகூட இல்லையே."

"ஆமா, அரைதான். ரெண்டு அரைன்னு சொல்ல வந்தேன்."

"என்னங்க நீங்க, விளையாடறீங்களா? சரி, நிலா கூசுது போல. கட்டைவிரலை நீட்டி நிலாவை மறைச்சுக்குங்க. வளையம் மட்டும் நிக்கும். அப்பப் பாருங்க. இந்த மாதிரி."

இந்த மாதிரி என்று சொல்லிக்கொண்டே என் வலது கட்டைவிரலை நீட்டி நிலாவின் மேல் வைத்தேன்.

வளையம் இல்லை.

விரலை எடுத்தேன். நீலம், மஞ்சள், சிவப்பு, அப்படியே இருந்தது. மறுபடி விரலை வைத்தேன். வெறும் வானம். நாலு நட்சத்திரம். விரலை எடுத்தால் இருக்கிறது, வைத்தால் இல்லை. ஏழெட்டு தடவை செய்து பார்த்திருப்பேன்.

இந்தக் கட்டைவிரல் சமாசாரம் எங்கள் கையேட்டின் மூன்றாவது பக்கத்திலேயே இருக்கிறது. வளையம் மேகத்தில் இருந்தால், நிலாவை மறைத்தாலும் சுற்றியுள்ள வளையம் வானத்தில் நிற்கும். நிலாவை மறைத்ததும் வளையமும் சேர்ந்து மறைந்தால் அது வானத்தில் இல்லை, பார்க்கிறவரின் கண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் விரல் வைத்துப் பார்த்த பிறகே எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு வருஷம் நானும் வைத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். பழகின சமையல்காரி உப்புப் போட அளவுக் கரண்டி தேடுவாளா? அது கத்துக்குட்டிகளுக்கான விதி என்பது என் நினைப்பு. கண்ணாடி மேலே போய் விரலை நீட்டிக்கொண்டு நிற்பதை ஒரு நாள் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்குக் கை காட்டறியா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

"என்னங்க," என்றேன். "உண்மையைச் சொல்லுங்க. நிலாவைச் சுத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நிலாவைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"திட்ட மாட்டேன். சொல்லுங்க."

"இல்ல," என்றார்.

"இன்னிக்கு மட்டும் இல்லையா? என்னிக்குமே இல்லையா?"

"மழை முடிஞ்ச சமயத்துல ஒரு நாள் நிஜமாவே பெரிசா ஒண்ணு தெரிஞ்சுதே, அதைப் பார்த்தேன். அதுக்கப்புறம் நீ காட்டினப்போ ஒண்ணும் தெரியல. உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியல, அவ்வளவுதானேன்னு இருந்துட்டேன்."

"பின்னே ஏன் ஆமா ஆமான்னீங்க?"

"இல்லைன்னு ஒரு தடவை சொன்னேன், நினைவிருக்கா? வீடு போய்ச் சேர்ற வரைக்கும் பின்னால உட்கார்ந்து கத்திக்கிட்டே வந்தே. குருட்டுக் கபோதின்னே. சாப்பாடு வைக்கிறப்பவும் அதையேதான் சொன்னே." குரல் தழைந்துவிட்டது. "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா வேலை முடிஞ்சுடுது. இதுல என்ன பெரிசா வந்துடப்போகுதுன்னு நினைச்சேன்."

எனக்கு நினைவில்லை. திட்டு வாங்கினவருக்கு நினைவிருக்கிறது, திட்டினவளுக்கு இல்லை. அவர் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே இருக்க, நான் படியிறங்கினேன். தெருவிளக்கைச் சுற்றியும் அதே நீலம் மஞ்சள் சிவப்பு. எதிரே வந்த வண்டியின் முகப்பு விளக்கைச் சுற்றியும். இத்தனை நாளும் அதைப் புகை என்றும் தூசி என்றும் நினைத்திருந்தேன். அந்த வழியில் நான் வாய் திறக்காமல் வந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். வீட்டுக்காரர் பயந்துபோய் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, "இருக்கியா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கண் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, அழுத்தம் பார்த்து, ஒரு பெட்டிக்குள் தலையை விடச் சொல்லி, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தெரிகிற பொட்டையெல்லாம் அழுத்தினேன். தெரியாததை எப்படி அழுத்துவது? இடது கண்ணுக்கு வந்த படத்தில் மூக்கை ஒட்டிய பக்கம் ஓரமாகக் கறுப்பு அப்பியிருந்தது.

"கண்ணுக்குள்ள ஒரு நீர் ஊறி ஓடிக்கிட்டே இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "அது வெளியே போற வழி உங்களுக்குப் பிறவியிலேயே குறுகல். இருட்டுல நின்னா கண் பாப்பா விரியும். விரிஞ்சா அந்த வழி அடைச்சுக்கும். அழுத்தம் ஏறும், தலை வலிக்கும், கருவிழி கொஞ்சம் ஊதிக்கும். அப்போ விளக்கைப் பார்த்தா வளையம் தெரியும். தூங்கி எழுந்தா சரியாயிடும், அதனாலதான் யாரும் கண்டுக்கிறதில்ல. நீங்க இருட்டுல ரொம்ப நேரம் நிப்பீங்களா?"

"தினமும் இருபது நிமிஷம்," என்றேன். "பத்து நிமிஷம்தான் விதி."

"என் கண் ரொம்ப நல்ல கண்ணாச்சே, தூரத்து பஸ் நம்பரெல்லாம் படிப்பேனே," என்றும் சொன்னேன். அந்த மாதிரிக் கண்ணில்தான் இது அதிகம் வரும் என்றார். என்னுடையது அளவில் சின்னக் கண்ணாம். புட்டிக் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண் பெரியது, இந்தத் தொல்லை அவர்களுக்கு அபூர்வம் என்றார். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்ததை அவர் கவனித்தார்.

"எப்பலேருந்து வளையம் தெரியுதுன்னு ஏதாவது ஞாபகம் இருக்கா? சுமாரா சொன்னா போதும்."

புகாருக்காகப் பதிவேட்டிலிருந்து எழுதி வைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பதினான்கு தேதிகள், மணி, நிமிஷம், வளையத்தின் அகலம், நிற வரிசை, தெளிவு. டாக்டரம்மா அதை மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தார். இத்தனை வருஷத்தில் எந்த நோயாளியும் நோயை இப்படி எழுதிக்கொண்டு வந்ததில்லை என்றார். பிறகு முதல் தேதியின் மேல் பேனாவை வைத்தார்.

"ஒன்பது மாசம். இந்தத் தேதியிலேயே வந்திருந்தா ஒண்ணுமே போயிருக்காதும்மா. லேசர்ல ஒரு சின்ன ஓட்டை, அஞ்சு நிமிஷ வேலை. இப்பவும் ரெண்டு கண்ணுக்கும் அதைப் பண்ணிடலாம், இருக்கிறதைக் காப்பாத்திடலாம். ஆனா இடது கண்ணுல போன ஓரம் போனதுதான். திரும்பாது."

"எனக்கு எதுவும் குறைஞ்ச மாதிரியே தெரியலையே?"

"ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா ஒண்ணு விட்டதை இன்னொண்ணு பார்த்துக்கும். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாத்தான் தெரியும். இன்னும் ஒரு வருஷம் இப்படியே விட்டிருந்தீங்கன்னா மூடாமலே தெரிஞ்சிருக்கும்."

அன்றைக்கே செய்தார்கள். வீடு திரும்பியதும் வீட்டுக்காரர் சொட்டு மருந்து விட வந்தார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. "என் வாய்க்குப் பயந்து என் கண்ணைக் கொடுத்துட்டீங்களே," என்றேன். திட்டவில்லை, சும்மாதான் சொன்னேன். மருந்துக் குப்பியைக் கீழே வைத்துவிட்டு அந்த மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதார். முப்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவரை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் அதட்டுவதுதான். "சரி சரி, அடுத்த கண்ணுக்கு விடுங்க," என்று அதட்டினேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பொறுப்பாளரின் அறையில் பெரிய பதிவேடு மேசை மேல் திறந்து கிடந்தது. கண்ணாடி ஓரத்து நாற்காலியில் ஒரு உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, தூக்கில் போடப் போகிற ஆள் மாதிரி இருந்தான். அதிகாரி வாயைத் திறப்பதற்கு முன்பே நான் பேச ஆரம்பித்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான்.

"சார், நான் கொடுத்த புகாரைத் திருப்பிக் கொடுத்துடுங்க. தப்பு என்னோடது. வளையம் எதுவும் இல்ல. எல்லாம் என் கண்ணு. இதோ டாக்டர் சீட்டு. இந்தப் பையன் பதினாலு தடவையும் சரியாத்தான் எழுதியிருக்கான். நடவடிக்கை எடுக்கணும்னா என் மேல எடுங்க. அவனை நிரந்தரமாக்கறதை இதுக்காக நிறுத்திடாதீங்க."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அதிகாரி டாக்டர் சீட்டைப் படித்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, "உங்க தரப்புல ஏதோ எழுதிக்கொண்டு வந்திருக்கீங்க போல?" என்றார்.

"இல்ல சார், இது இனிமே வேண்டாம்," என்று அவன் உறையைச் சட்டைப்பைக்குள் திணிக்கப் பார்த்தான்.

என்னைப் பற்றித்தான் எழுதியிருப்பான், எழுதட்டும், வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியவள்தான் நான் என்று நினைத்தேன். "கொடுப்பா. என்ன திட்டியிருக்கேன்னு நானும் பார்க்கறேன்," என்று கையிலிருந்து பிடுங்கிப் பிரித்தேன்.

'பதினான்கு மாலைகளிலும் நான் மாடிக்குச் சென்று, விரலால் நிலாவை மறைத்தும் மறைக்காமலும் பார்த்தேன். எனக்கு வளையம் தெரியவில்லை. ஆயினும் என்னோடு பணியாற்றும் அக்கா இருபத்தாறு வருட அனுபவம் உள்ளவர். அவர் இருந்தது என்று எழுதியிருந்தால் அது இருந்திருக்க வேண்டும். என் பார்வையில் குறை இருக்கலாம் என்று இந்த ஆண்டில் இரண்டு முறை கண்ணாடி மாற்றிப் பார்த்தேன், பயன் இல்லை. எனவே அவருடைய பதிவுகளே சரி என்று ஒப்புக்கொள்கிறேன். என் பதிவுகளை அவ்வாறே திருத்திவிடலாம்.'

கீழே கையெழுத்து. தேதி புதன்கிழமை.

நான் மாடியில் விரல் வைத்துப் பார்த்தது வியாழக்கிழமை. இந்தத் தாள் புதன்கிழமை என் கைக்கு வந்திருந்தால் நான் வென்றிருப்பேன். வீட்டுக்காரரை மேலே கூப்பிட்டிருக்க மாட்டேன். முஷ்டியும் இல்லை, விரலும் இல்லை. பதிவேட்டில் பதினான்கு வளையங்களும் உறுதியாகி, அடுத்த வருஷம் இதே நேரம் நான் சுவரைத் தடவிக்கொண்டு இந்தப் படிகளில் ஏறியிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இதை ஏன் புதன்கிழமையே கொடுக்கல?"

"கொடுக்கத்தாங்க்கா வந்தேன். எதுவா இருந்தாலும் திங்கட்கிழமை பேசிக்கலாம், என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிட்டீங்க."

சொல்லியிருப்பேன். இதுவும் எனக்கு நினைவில்லை.

"ஏன்டா, உனக்கு அறிவிருக்கா?" என்று கத்தினேன். அதிகாரி திடுக்கிட்டுப் பார்த்தார். "உன் கண்ணால பார்த்ததை நீ எழுதினே. ஒருத்தி கத்தினாள்னு அதை மாத்திடுவியா? என்கிட்ட இல்லைன்னு சொன்னவன் இந்த உலகத்துலயே நீ ஒருத்தன்தான். பதினாலு தடவை சொல்லியிருக்கே. நீயும் ஆமான்னு சொல்லியிருந்தா என் கதி என்னடா?" மூன்று ஆண்களுக்கு முன்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுதால் சொட்டு மருந்து கரைந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னதுகூட ஞாபகம் வரவில்லை.

கண்ணாடி எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். என்ன செய்வது என்று தெரியாமல் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டான். "விடுங்கக்கா. அழாதீங்க. கண்ணுக்கு ஆகாது," என்றான்.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தவறான வரியின் மேல் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் காரணம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி பேனாவைக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடி புரட்டிக் கொடுக்க, நான் கோடு போட்டேன். 'வளையம் இல்லை' என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'பதிவாளரின் கண்' என்று எழுதினேன். பதின்மூன்று இடத்தில் அப்படியே எழுதி, பதினான்காவதில் 'பதிவாளரின் கண், பதிவாளரின் வாய்' என்று எழுதப் போனேன்.

பொறுப்பாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாயெல்லாம் பதிவேட்டுல வேண்டாம்மா," என்றார். "கண்ணு மட்டும் எழுதுங்க, போதும்."